வாடைக்காலப் பரவைக்கடலில் சிறுவருக்குப் பாய்ப்படகு பழக்குதல்

யாழ்ப்பாணத்தில் சிறு பிள்ளைகளைப் பாய்ப்படகில் ஏற்றிப் பழக்குவதற்கு ஆண்டில் ஏறத்தாழப் பத்துக் கிழமைகளே வாய்க்கின்றன. தைப்பொங்கல் கழிந்து, மழை முற்றாக ஓய்ந்து, நிலம் உலரத் தொடங்கும் நாளிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரையுள்ள காலம் அது. அதற்கு முந்திய ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் மழைக்கும் தாழமுக்கத்துக்கும் உரியவை. இலங்கையின் வடக்கைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுச் சூறாவளி டிசம்பரில் வீசியது; 2008இல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா நவம்பரில் வந்தது. வைகாசி பிறந்துவிட்டால் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்து புரட்டாதி வரை ஓயாது. பாய்க்கயிற்றைப் பிடித்திருக்கும் வளர்ந்தவர்களுக்கே கை கன்றும் காற்று அது. ஆகவே, ஏழெட்டு வயதுப் பிள்ளையொன்றுக்குக் கடலை அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோர் தை, மாசி மாதங்களின் காலைகளைத்தான் நம்ப வேண்டும்.

ஆனால் அந்தக் காலைகளின் அமைதியை முழுவதுமாக நம்பிவிடவும் கூடாது. இதை நான் சொந்தத் தவறு ஒன்றினால் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை, தங்கையின் பிள்ளைகள் இருவரை ஒரே படகில் ஏற்றிக் குருநகர்ப் பக்கத்துக் கரையொன்றிலிருந்து இறக்கிவிட்டேன். நீர் தாம்பாளம் போலக் கிடந்தது. கரையோர வீடுகளும் மரங்களும் காற்றை மறைத்து நின்றதால் பாய் அசையவே இல்லை, பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். படகு மெல்ல நகர்ந்து அந்த மறைப்பைத் தாண்டியதும் வாடைக்காற்று அதைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளத் தொடங்கியது. திரும்பி வருவதற்குக் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஓட வேண்டும். அதை நான் அவர்களுக்கு இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. என்னிடம் இரண்டாவது வள்ளமும் இல்லை. நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தம் வத்தையை மரக்கோலால் ஊன்றிச் சென்று படகைப் பிடித்து இழுத்து வந்தார். வந்தவர் கோபிக்கவில்லை. "ஐயா, வாடைக்கு ஊரை முதுகுப் பக்கம் வைச்சுக்கொண்டு பிள்ளையளை விடாதேங்கோ. இந்தக் காத்துக்குக் கொண்டுபோகத்தான் தெரியும், கொண்டுவரத் தெரியாது" என்றார்.

இந்தக் கட்டுரையில் கூறப்படும் மற்றெல்லாவற்றிலும் பிழை விட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம். கரையைத் தெரிவதில் மட்டும் பிழை விடக்கூடாது.

கரையைத் தெரிதல்

வாடை வடகிழக்கிலிருந்து வீசுவது. யாழ் நகரத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் பரவைக்கடல் என்னும் ஆழமற்ற உட்கடல் கிடப்பதால், நகரக் கரையில் நிற்பவருக்கு அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றாகிவிடுகிறது. கரையருகில் அலை எழாததற்கும் நீர் கண்ணாடி போலத் தோன்றுவதற்கும் அதுவே காரணம். கடல் அமைதியாக இருப்பதால் அப்படித் தோன்றுவதில்லை. அலையை எழுப்பக் காற்றுக்கு இன்னும் இடம் கிடைக்காததால் தோன்றுகிறது. தொடக்கநிலைப் பிள்ளைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான கரை. பிள்ளை எல்லாவற்றையும் மறந்து கயிற்றையும் சுக்கானையும் விட்டுவிட்டாலும், காற்று அதைத் தானாகவே மணலில் கொண்டுவந்து ஒதுக்க வேண்டும். மண்டைதீவின் நகரத்தைப் பார்த்த கரை இத்தகையது. அங்கும் கரைக்கு நேராக அடிக்கும் காற்றைவிட, கரைக்குச் சாய்வாக அடிக்கும் காற்றே சிறந்தது; நேராக அடித்தால் படகைக் கரையிலிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிடும்.

நகரிலிருந்து தீவுகளுக்குக் கடலின் குறுக்கே போகும் பண்ணை வீதியோரம் வசதியானதாகத் தோன்றும். வாகனத்தை நிறுத்தவும் இடமுண்டு. ஆயினும் வீதியின் கரைக் கற்கள் படகையும் காலையும் கிழிப்பவை. பாலங்களின் கீழே வற்றுப்பெருக்கு நேரத்தில் நீர் இழுத்துக்கொண்டு ஓடும். பாலத்திலிருந்து குறைந்தது சில நூறு மீற்றர் விலகியிருப்பதே நன்று. காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் மணலும் ஆழமின்மையும் மனத்தைக் கவரும். எனினும் அது பாக்கு நீரிணையை நோக்கித் திறந்து கிடப்பது; தை மாதத்தில் அங்கு வந்து சேரும் அலை பரவைக்கடலின் சிற்றலை அன்று. அந்தக் கரையை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழத்தைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். பரவைக்கடலின் பல பகுதிகளில் வளர்ந்த ஒருவர் நின்றே நடக்கலாம். பழக்கும் இடம் உங்கள் இடுப்பளவும் பிள்ளையின் நெஞ்சளவும் இருந்தால் போதும். முதல்நாளே நீங்கள் தனியாக இறங்கி, அந்த இடம் முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாருங்கள். ஓரிடத்தில் மணலாக இருக்கும் தரை பத்தடி தள்ளி முழங்கால் புதையும் சேறாக இருப்பதுண்டு. சேற்றில் புதைந்தபடி ஓடிப்போய்ப் படகைப் பிடிப்பது எவராலும் ஆகாது.

அந்த நீர்ப்பரப்பு எவருடைய தொழிலிடம் என்பதையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். களங்கண்டி வலைகள், நண்டு வலைகள், அண்மைக் காலமாகப் பெருகியிருக்கும் கடலட்டைப் பண்ணைகளின் வேலிகள் ஆகியவை வெளியாள் கண்ணுக்கு வெறுந்தடிகளாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அடுப்பு. அவ்விடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒருவரைக் கண்டு, எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எந்த எல்லைக்குள் பிள்ளைகள் ஓடுவார்கள் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். அருகில் கடற்படை நிலையம் இருந்தால் அங்கும் முன்கூட்டியே அறிவியுங்கள். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இடர் நேரும்போது முதலில் வந்து சேர்பவர் அந்தத் தொழிலாளிதான்.

காற்றை அளத்தல்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலை முதல்நாள் மாலையிலும் அன்று விடியவும் பார்க்க வேண்டும். காற்று மணிக்கு 15 கிலோமீற்றரைத் தாண்டும் என்றால் பழகுகின்ற பிள்ளைக்கு அன்று கடல் இல்லை. தாழமுக்கம் பற்றிய சொல் ஒன்று வந்தாலே அந்தக் கிழமையை விட்டுவிடுங்கள். தை பிறந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்ற எண்ணம் முற்றிலும் சரியன்று. 2023இல் பெப்ரவரி மாதத் தொடக்கத்தில்கூட ஒரு தாழமுக்கம் கிழக்குக் கரையைக் கடந்தது.

அறிவித்தல் பெரும் பரப்புக்குரியது. நீங்கள் நிற்கும் கரையின் காற்றை நீங்களே அளக்க வேண்டும். காற்று முகத்தில் உணரப்பட்டு, வேப்பிலை மட்டும் அசைந்தால் அது மணிக்கு 6 முதல் 11 கிலோமீற்றர் அளவிலான காற்று. முதல் நாட்களுக்கு மிகப் பொருத்தமானது. சிறு கொடி விரிந்து நிற்குமானால் 12 முதல் 19 வரை. ஓரளவு பழகியவர்களுக்கு அதன் கீழ்ப்பாதி பொருந்தும். நீரின்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தலைகாட்டினால் படகுகளைக் கரையேற்றுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இவற்றைவிட எளிதில் விளங்கும் அளவுகோல் ஒன்றுண்டு: பட்டம். வல்வெட்டித்துறையில் பொங்கல் நாளில் பெரும் பட்டங்கள் ஏறுவது இதே வாடையை நம்பித்தான். விண் என்னும் ஒலிநாடா பூட்டிய பட்டம் ஏறிநின்று இடைவிடாமல் கூவுகிற காற்று பட்டத்துக்கு நல்லது. பழகும் பிள்ளைக்குக் கூடியது. "விண் கூவினால் நாங்கள் கரையில்" என்று ஒரு விதி செய்துவிட்டால், கடலுக்குப் போகலாமா என்பதைப் பிள்ளைகளே வானத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

விடியலில் வாடை மெலிந்திருக்கும். வெயில் ஏற ஏற அது வலுக்கும். காலை 7 மணிக்கு இறங்கி 9.30க்குள் முடித்துக்கொள்வது பெரும்பாலான நாட்களுக்குப் பொருந்தும். அதற்குள்ளும் ஒரு பிள்ளை நீரில் இருக்க வேண்டிய நேரம் 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் முன்னோர் சொல். நம் பனிக்காலக் காலைகள் வெப்பமானியில் 22 பாகைக்கு அதிகம் கீழே இறங்குவதில்லையாயினும், நனைந்த சட்டையோடு காற்றில் இருக்கும் சிறிய உடம்பு விரைவில் விறைத்துவிடும். உதடு நீலம் பாரிப்பதற்கு முன்னர் வரும் அடையாளம் மௌனம். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால் உடனே கரைக்கு அழைத்து, துடைத்து, உலர்ந்த சட்டை போட்டு, இஞ்சித் தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுங்கள்.

படகும் அங்கியும்

சிறுவர்க்கென்றே அமைந்த படகுகளில் உலகெங்கும் பரவியிருப்பது ஆப்டிமிஸ்ட். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள கிளியர்வோட்டர் நகரில் கிளார்க் மில்ஸ் என்பவர் இதை வரைந்தார். வீட்டில் ஒட்டுப்பலகை கொண்டு தட்டிச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம்; அணியம் (படகின் முன்முனை) கூராக இல்லாமல் பெட்டியைப் போல மொட்டையாக இருப்பது அதனால்தான். நீளம் ஏறத்தாழ 2.3 மீற்றர், வெறும் படகின் எடை 35 கிலோகிராம், ஒற்றைப் பாய் 3.3 சதுர மீற்றர். 15 வயது வரை இதில் ஓடலாம். இரண்டு பெரியவர்கள் தூக்கிச் செல்லக்கூடிய எடை என்பதால் சிறிய லொறியோ லான்ட்மாஸ்டரோ போதும். இது கிடைக்காதவர்கள், அகன்ற அடியுள்ள சிறு வள்ளத்தில் தறப்பாளால் சிறு பாய் கட்டிப் பழக்குவதையும் கண்டிருக்கிறேன். பாய் சிறிதாகவும், அவசரத்துக்கு ஒரே இழுவையில் கழற்றக்கூடியதாகவும் இருந்தால் அதில் தவறில்லை.

படகின் நடுவில் செருகி இறக்கும் பலகையொன்று உண்டு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஆப்டிமிஸ்டில் அதை முழுதாக இறக்கினால் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றருக்கு மேல் நீர் வேண்டும். பரவைக்கடலில் இதுவே அடிக்கடி வரும் தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும் படகு திடீரென நின்று, பிள்ளை முன்னால் சரிந்து விழுந்தால் பலகை தரையில் முட்டியிருக்கிறது என்று பொருள். பலகையைப் பாதி உயர்த்தி ஓடப் பாயேற்றும் முதல் நாளிலேயே பழக்குங்கள்.

படகினுள் கட்டாயம் இருக்க வேண்டியவை: நீர் இறைக்கும் வாளி, கயிற்றால் படகோடு கட்டப்பட்டதாக, ஒரு துடுப்பு, அணியத்தில் 8 மீற்றர் நீளமான இழுகயிறு, மூன்று காற்றுப்பைகளும் ஊதப்பட்டு இறுகக் கட்டப்பட்ட நிலையில். பையொன்று மெலிந்திருந்தால் அந்தப் படகு அன்று இறங்கக்கூடாது.

உயிர்காப்பு அங்கியில் சிக்கனம் பார்ப்பவர்களைக் கண்டு நான் பொறுமை இழந்திருக்கிறேன். "வளருகிற பிள்ளைதானே" என்று ஓரளவு பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி; அங்கிக்குச் சரியல்ல. எடைக்கேற்ற அளவில் வாங்கி, எல்லாப் பட்டிகளையும் பூட்டி, இரு தோள்பகுதிகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடியும் காதும் அங்கிக்குள் மறைந்தால் அது அந்தப் பிள்ளைக்கு உரியதன்று. கால்களுக்கிடையில் போகும் பட்டி இல்லாத அங்கியைச் சிறு பிள்ளைக்கு வாங்கவே வேண்டாம். நீந்தத் தெரிந்த, பக்கத்திலேயே உதவி இருக்கிற பிள்ளைக்கு 50 நியூட்டன் எனக் குறிக்கப்பட்ட மிதவை அங்கி போதும். நீச்சல் உறுதிப்படாதவர்க்கு 100 நியூட்டன் வேண்டும். நிறம் செம்மஞ்சளாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும். நீல அங்கி நீரில் தெரியாது. தொப்பிக்கும் கண்ணாடிக்கும் நாடா கட்டுங்கள். காலுக்குப் பழைய கன்வஸ் சப்பாத்து.

தனியாகச் சுக்கான் பிடிப்பதற்கு முன், பிள்ளை உடுத்த உடையோடு ஐந்து நிமிடம் மிதக்கவும் 25 மீற்றர் நீந்தவும் வேண்டும் என்பது என் அளவு. அது ஆகும் வரை உங்களோடு சேர்ந்து ஓடட்டும். ஐந்து, ஆறு வயதினர் பெரியவரின் மடிக்கு முன்னால் இருந்து கயிற்றைத் தொட்டுப் பார்ப்பதே போதுமான பாடம்; ஏழெட்டு வயதில் இருவரை ஒரு படகில் விடலாம்; அதற்குப் பிறகு தனியே.

தரையில் இரண்டு காலைகள்

முதல் இரண்டு காலைகளில் படகு மணலைவிட்டு அசையக்கூடாது. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கப் பழக்குங்கள். முகத்தை மெதுவாக இருபுறமும் திருப்பும்போது, இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் ஒரேயளவாகக் கேட்கும் இடத்தில் மூக்கு நேரே காற்றைப் பார்த்து நிற்கும். நாலைந்து முறை செய்ததும் பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிடுவார்கள். பின்னர் பாய்மரத்தின் உச்சியில் பழைய சேலைக் கரையிலிருந்து கிழித்த மெல்லிய நாடாவைக் கட்டி, காது சொன்னதும் நாடா சொல்வதும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பாயும் கயிறும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கடலோடிகள் தாமான் என்பர். இதை விளக்குவதற்கு நான் எந்த வரைபடமும் பயன்படுத்துவதில்லை. பட்டம் ஏற்றிய பிள்ளைக்கு, பட்டத்தில் நூலைப் பிணைக்கும் முச்சை சரியாக இல்லாவிட்டால் பட்டம் குத்தும் என்பது தெரியும். நூலை இழுத்தால் எழும், தளர்த்தினால் சரியும் என்பதும் தெரியும். பாயும் கையில் பிடித்த பட்டமே என்று சொல்லி, மணலில் நிற்கும் படகில் இருத்தி, தாமானை இழுக்கவும் விடவும் செய்யுங்கள். இழுத்தால் பாய் வயிறு வைத்துப் படகை ஒரு பக்கம் சாய்க்கும். விட்டால் படபடத்து அடங்கும். "பயம் வந்தால் கயிற்றை விடு" என்னும் ஒரே கட்டளையை ஐம்பது தடவையாவது செய்யவைத்துக் கையில் பதித்துவிடுங்கள். சைக்கிள் பழகும் பிள்ளை பயத்தில் கைப்பிடியை இறுக்குவது போல, படகிலும் பயந்த கை கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், கவிழ்வது அப்போதுதான்.

சுக்கான் பிடி எதிர்மாறானது. பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். சொல்லி விளங்கவைக்க முயல வேண்டாம். ஒரு பிள்ளையைப் படகில் இருத்தி, மற்றொரு பிள்ளையைப் படகாக்கி முன்னால் நடக்கவிட்டு, பிடி அசைவதற்கேற்பத் திரும்பச் சொன்னால் பத்து நிமிடத்தில் கை கற்றுக்கொள்ளும்.

காற்றுக்கு நேரே எந்தப் பாய்ப்படகும் ஓடாது என்பதையும் தரையிலேயே காட்டிவிடலாம். காற்று வரும் திசையில் கோடொன்றை மணலில் கீறி, அதற்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை அளவில் இரண்டு கோடுகள் கீறுங்கள். இடைப்பட்ட அந்தப் பகுதி படகுக்குப் பூட்டிய வீடு. அங்கே போக வேண்டுமானால் அந்தப் பகுதியின் ஒரு விளிம்பிலும் பின்னர் மறு விளிம்பிலுமாக வளைந்து வளைந்து போக வேண்டும். பாடத்துக்கு இடையே ஓய்வெடுக்கும் நேரங்களில், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் கடல்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையை நான் சொல்வதுண்டு. "அதுவும் வளைஞ்சு வளைஞ்சுதான் போச்சுதோ மாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடம் ஏறிவிட்டது.

நீரில்

நீரில் இறங்கும் முதல் நாளில் பாய் வேண்டாம். துடுப்பால் வலித்து, படகு எப்படி ஆடுகிறது, எங்கே இருந்தால் சாய்கிறது என்பதை உடம்பு அறியட்டும். இரண்டாம் நாளில் பாய் ஏறும்போது, படகின் அணியத்தில் 20 மீற்றர் கயிறு கட்டி, மறுமுனையை இடுப்பளவு நீரில் நிற்கும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கயிறு இருக்கிறது என்பதே பிள்ளைக்குத் துணிவு தரும், உங்களுக்கும்தான்.

பிறகு, மூடி இறுக்கிய இரண்டு வெற்றுப் பிளாஸ்ரிக் கலன்களைக் கல் கட்டி 30 மீற்றர் இடைவெளியில் மிதக்கவிடுங்கள். காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் திரும்பி வரும்படி அவற்றை அமைக்க வேண்டும். பாய்ப்படகு மிக இலகுவாக ஓடும் போக்கு அதுவே. கலனில் திரும்பும்போது எப்போதும் காற்றை நோக்கியே அணியத்தைத் திருப்பச் சொல்லுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் பாயின் கீழ்க்கழி ஒரே வீச்சில் மறுபக்கம் வந்து தலையில் அடிக்கும். அதை முதலாவது பருவத்தில் தொடவே வேண்டாம். காற்றை நோக்கித் திரும்பும்போதும் குனிய வேண்டும். "தலை!" என்று பிள்ளையே உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பட்டும்.

இப்படிப் போய்வருவது கைவந்த பிறகே காற்றை எதிர்த்து வளைந்து ஓடுதல். என் அனுபவத்தில் இதற்கு நாலைந்து காலைகள் செல்லும். பிள்ளை பாயை அளவுக்கு மிஞ்சி இழுத்து, காற்றுக்குள் மூக்கை நுழைத்து, படகு அசையாமல் நிற்கும். பின்னோக்கி நகரவும் தொடங்கும். அந்த நேரத்தில் கரையிலிருந்து ஐந்து பேர் ஐந்து விதமாகக் கத்துவதுதான் பெரிய தீமை. ஒருவர் மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள், குறிப்பாக அம்மாமார், நிழலில் இருந்து பார்க்கட்டும். போர்க்காலத்தில் கிளாலிக் கடலை இரவில் நடுங்கிக்கொண்டு கடந்த தலைமுறை இன்று அம்மம்மாவாகவும் அப்பப்பாவாகவும் இருக்கிறது. பரவைக்கடல் என்றதும் அவர்களுக்கு விளையாட்டு நினைவுக்கு வராது. அவர்களிடம் வாதாடாமல், முதல் நாளில் கரைக்கு அழைத்து வந்து அங்கியின் பட்டிகளை அவர்களையே பூட்டச் சொல்லுங்கள்.

நீரில் பிள்ளைகள் இருக்கும் வரை இரண்டாவது வள்ளமொன்று, மரக்கோலோடும் ஒரு பெரியவரோடும், காற்று போகும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆழமற்ற நீரில் இயந்திரத்தைவிட மரக்கோல் நம்பத்தக்கது. இயந்திரம் இருந்தால் பிள்ளை அருகில் வரும்போது நிறுத்திவிட வேண்டும். ஒரு வள்ளத்துக்கு நான்கு பாய்ப்படகுகள் என்பதே உச்ச அளவு. விசில் ஒன்று அடித்தால் என்னைப் பார், இரண்டு அடித்தால் கயிற்றை விட்டு நில், மூன்று அடித்தால் கரைக்கு வா. கைப்பேசி நீர்புகாத உறையில் இருக்கட்டும்; 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கும்போது சொல்ல வேண்டிய இடக்குறிப்பை முன்னரே எழுதி வைத்திருங்கள். வீதியும் மைல்கல்லும் இல்லாத கரையொன்றைப் பதற்றத்தில் விளக்குவது கடினம்.

கவிழ்த்துப் பழகல்

கவிழ்வதை விபத்தாக வரவிடாமல் பாடமாக முன்கூட்டியே நடத்திவிட வேண்டும். காற்றில்லாத காலையொன்றில், நெஞ்சளவு நீரில், நீங்கள் பக்கத்தில் நிற்கப் படகைச் சரித்து விழுத்துங்கள். பிள்ளை செய்ய வேண்டியவை மூன்று. படகைவிட்டு நீந்திப் போகக்கூடாது. கரை எவ்வளவு அருகில் தெரிந்தாலும் கூடாது. சுற்றி வந்து அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்து, அதன்மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பற்றிப் பின்னால் சாய வேண்டும். படகு நிமிர்ந்ததும் பின்பக்கத்தால் ஏறி வாளியால் இறைக்க வேண்டும். பாய்க்கு அடியில் அகப்பட்டுக்கொண்டால் பதறாமல் ஒரு கையால் பாயை மேலே தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வரலாம் என்பதையும் செய்துகாட்டுங்கள். முதல் தடவை அழுத பிள்ளை மூன்றாம் தடவை தானே கவிழ்க்கத் தொடங்கும். அதன் பின்னர் நிறுத்துவதுதான் சிரமம்.

பரவைக்கடலுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்குண்டு. படகு முற்றாகத் தலைகீழானால் பாய்மரத்தின் உச்சி சேற்றில் குத்தி நின்றுவிடும். பிள்ளையின் எடை அதைப் பிடுங்கப் போதாது. பெரியவர் பலத்தைக் காட்டினால் மரம் வளையும். உச்சியில் மூடி இறுக்கிய இரண்டு லீற்றர் வெற்றுப் போத்தலொன்றைக் கட்டிவிட்டால் படகு பக்கவாட்டில் கிடக்குமேயன்றித் தலைகீழாவது குறையும். பார்வைக்கு அழகில்லைதான்.

காலடியில்

நீரில் நடப்பவர் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடக்க வேண்டும். சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணிக்கு மேல் காலை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். சூட்டைப் பெரியவர் ஒருவர் முதலில் தம் கையால் பார்க்க வேண்டும். ஆழப் புதைந்த முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கெளிறு முள்ளுக்கும் இதுவே. சொறி (ஜெலிமீன்) பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவ வேண்டும். சிப்பி ஓடு கிழித்த காயத்தை நல்ல நீரால் நன்கு கழுவுங்கள். வலிப்பு, ஈளை (ஆஸ்துமா) போன்ற நோயுள்ள பிள்ளைகளை மருத்துவரைக் கேட்காமல் இறக்க வேண்டாம்.

பங்குனி கழிந்தபின்

பங்குனி நடுப்பகுதியில் 9 மணி வெயிலே கண்ணைக் கூசும். காற்றும் திசை தடுமாறத் தொடங்கும். அப்போது பருவத்தை முடித்துக்கொள்ளலாம். படகையும் கயிறுகளையும் கிணற்று நீரால் கழுவி, பாயை நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, எலி எட்டாத உயரத்தில் கூரை வளையில் தொங்கவிடுங்கள். காற்றுப்பைகளைப் பாதி இளக்கிவிடுங்கள். படகை இரண்டு பழைய ரயர்களின்மேல் மாமரத்தடியில் கவிழ்த்து வைத்து, சோளகம் புரட்டாதபடி மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். நிமிர்த்தி வைத்தால் முதல் மழைக்கே நீர் தேங்கி நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையைத் திறந்து வந்து பெயரெழுதும்போது, அது கடலுக்குப் போகிற படகு என்னும் விளக்கம் எடுபடாது.